'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' கோர்ஸில் சேரப்போறீங்களா? எந்த வேலைக்குனு முதல்ல கேளுங்க!

தி.நகர் பனகல் பார்க் பக்கம் நடந்தாலும் சரி, இன்ஸ்டாகிராமை ஸ்க்ரோல் செய்தாலும் சரி... 'டிகிரி முடிச்சிட்டீங்களா? இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆகலாம்' என்கிற மாதிரியான விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. சில இடங்களில் கட்டணம் லட்சத்தைத் தொடுகிறது. அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. இந்தப் பெயரில் இரண்டு வேலைகள் இருக்கு. படிப்பும் வேற, சம்பளமும் வேற.

முதல் வேலையைப் புரிஞ்சுக்க, நுங்கம்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் ஐ.பி.ஓ-வைப் பாருங்க. 2021 நவம்பர் 30-ல் அது தொடங்கியது. ஒரு பங்கு 870 முதல் 900 ரூபாய். அந்த விலையை நிர்ணயிக்க நிறுவனத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள், முதலீட்டாளர்களைத் தேடிப் போய் பேசியவர்கள், செபியில் தாக்கல் செய்யும் ஆவணத்தைத் தயாரித்தவர்கள்தான் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர்கள். செபி இவர்களை 'மெர்ச்சன்ட் பேங்கர்' என்கிறது. அத்தனை பெரிய பேங்குகள் சேர்ந்து நடத்தியும் அந்த வெளியீட்டுக்கு 79 சதவிகித விண்ணப்பங்களே வந்தன. விலையைக் கூட வெச்சுட்டாங்களானு அப்போ பெரிய விவாதமே நடந்தது. இந்த வேலையில் தப்புக் கணக்கு ஊருக்கே தெரிஞ்சுடும்!

இந்த வேலைகள் பெரும்பாலும் மும்பையில்தான். 2001-ல் சென்னையில் தொடங்கிய ஸ்பார்க் கேபிடல் போன்றவை விதிவிலக்கு. பெரிய பேங்குகள் ஆள் எடுக்கப் போவது ஐ.ஐ.எம் மாதிரி சில கேம்பஸ்களுக்கு. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பி.காம் படிக்கிறவருக்கு இது அநியாயமாகத் தோணலாம். ஓரளவுக்கு அநியாயம்தான். ஆனா, அவருக்கும் ஒரு வழி இருக்கு... சி.ஏ.

வணிகவியல் பட்டதாரி 55 சதவிகிதம், மற்றவர்கள் 60 சதவிகிதம் எடுத்திருந்தால், ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். ஆர்ட்டிகிள்ஷிப்பையும் 2023-ல் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைச்சுட்டாங்க. அந்த இரண்டு வருடத்தை எங்கே கழிக்கிறீங்க என்பதுதான் முக்கியம். ஜி.எஸ்.டி ரிட்டர்ன் மட்டுமே போடும் ஆபீஸில் இருந்தால் வரி தெரியும், டீல் தெரியாது. நிறுவன மதிப்பீடு, டியூ டிலிஜென்ஸ் செய்கிற ஆடிட்டரிடம் சேர்ந்தால், பின்னாடி டீல் அட்வைசரி வேலைக்கு இன்டர்வியூ போகும்போது பேச விஷயம் இருக்கும். அது வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஆபீஸாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது வேலைதான் சென்னையில் அதிகம். பார்க்லேஸ், சிட்டி, பி.என்.ஒய், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு என வெளிநாட்டு வங்கிகளின் மையங்கள் இங்கே இருக்கு. நியூயார்க்கில் ஒருத்தர் வாங்கிய பங்கும், கொடுத்த பணமும் சரியாகக் கைமாறுதா எனப் பார்ப்பது, கணக்கு இடித்தால் எங்கே எனத் தேடுவது, வாடிக்கையாளரின் கே.ஒய்.சி-யைச் சரிபார்ப்பது எல்லாம் இங்கே நடக்கும். இதுக்குப் பெயர் 'ஆபரேஷன்ஸ்'. விளம்பரங்களில் பல தரும் 'பிளேஸ்மென்ட்' இதுதான். மட்டமான வேலை இல்லை. 2024 மே 28-லிருந்து அமெரிக்காவில் பங்குப் பரிவர்த்தனை மறுநாளே முடியணும். முன்பு இரண்டு நாள் அவகாசம். அதனால் பிழையைப் பிடிக்கும் நேரம் சுருங்கிவிட்டது. இரவு ஷிஃப்ட்டும் வரும். ஆனா, ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை மென்பொருள் எடுத்துக்கொண்டு வருகிறது என்பதையும் மனசுல வெச்சுக்கோங்க.

இதுக்கு பி.காம், பி.பி.ஏ, எக்ஸெல், தடுமாறாத ஆங்கிலம் இருந்தால் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். லட்ச ரூபாய் கோர்ஸ் கட்டாயமில்லை.

சி.எஃப்.ஏ? டிகிரி முடிக்க 23 மாதங்கள் இருக்கும்போதே முதல் லெவல் எழுதலாம். நல்ல படிப்பு. ஆனா, அது பங்கு ஆராய்ச்சிக்கும் ஃபண்ட் நிர்வாகத்துக்கும்தான் அதிகம் உதவும். கட்டணமும் டாலரில்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்த வேலை பிடிக்குதானு பார்க்க ஒரு வழி சொல்றேன். செபி இணையதளத்தில் ஐ.பி.ஓ ஆவணங்கள் இலவசம். தெரிஞ்ச ஒரு கம்பெனியோடதை இறக்கி, விலைக்கான காரணம் சொல்லும் அத்தியாயத்தைப் படிங்க. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும், மொபைலில் கண் வலிக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய் படிக்கத் தனிப் பகுதியே இருக்கு. அடையாறிலிருந்து பத்து நிமிஷம்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து பாருங்க. தூக்கம் வந்தா, லட்ச ரூபாய் மிச்சம்!