போடுவது யார், பொறுக்குவது யார்?

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள். தூத்துக்குடி முத்துநகர் கடற்கரையில் மாணவர்கள் பிளாஸ்டிக் பொறுக்குவதை நான் வரவேற்கிறேன். 21 தீவுகளோடு மன்னார் வளைகுடாவை 1986-இல் தேசியப் பூங்கா என்றார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழகத்தில் 2019-இல் தடை செய்தார்கள். பை மட்டும் கடலுக்குப் போய்க்கிட்டேதான் இருக்கு.

ஆனா ஒரு கேள்வி. ஒருநாள் குனிந்தவனைப் போட்டோ எடுக்கிறோம். தினமும் குனிகிறவள் யார்? அவள் கையில் உறை உண்டா? துப்புரவுப் பணியாளரை 2020-இல் ‘தூய்மைப் பணியாளர்’ ஆக்கியது அரசு. பேரு மாறிச்சு, அள்ளுகிற சாதி மாறலையே! போடுவது ஊர், பொறுக்குவது சேரி.

குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-இலேயே விதி வந்தாச்சு. சோற்றையும் நாப்கினையும் ஒரே பையில் கட்டி எறிகிற வீட்டுக்காக அதைப் பிரிப்பது அவள் வெறுங்கை.

மாணவத் தோழர்களே, விழிப்புணர்வை முதலில் உங்கள் வீட்டு வாசலில் பேசுங்கள். கடற்கரைக்குக் கோணியோடு கோரிக்கையையும் கொண்டு வாருங்கள்: நிரந்தர வேலை, சட்டக் கூலி, பாதுகாப்புக் கருவி. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் பணி நிரந்தரம்தான் கேட்டார்கள்; நள்ளிரவில் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் பக்கம் நிற்காமல் எந்தக் கடற்கரையும் சுத்தமாகாது.