'காலைல பாத்துக்கலாம்'னு விடலாமா? தூத்துக்குடி கடலோரத்தில் உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

ராத்திரி 11 மணி. சங்கு குளித்துவிட்டு மாலையில் கரை திரும்பியவர், சாப்பிட்டுப் படுத்தவர், திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "காலு மரத்துப் போன மாதிரி இருக்கு" என்கிறார். வலி இல்லை. காயம் இல்லை. காய்ச்சலும் இல்லை. வீட்டில் ஒரே கேள்விதான்: இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, காலைல பாத்துக்கலாமா?

வேம்பார் முதல் பெரியதாழை வரை நீளும் கடற்கரையில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 60 கி.மீ. போனால் மறுநாள் தொழில் போச்சு. போகாவிட்டால் சில நேரம் காலே போச்சு, உயிரே போச்சு.

எப்படி முடிவு செய்வது? பார்க்கலாம்.

வலியை வைத்து அளக்காதீங்க

நம்மில் பெரும்பாலானோர் வலியை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். "தாங்க முடியல" என்றால் ஆட்டோ பிடிக்கிறோம். "லேசாத்தான் இருக்கு" என்றால் படுத்துவிடுகிறோம். இது பல நேரங்களில் தப்பான அளவுகோல்.

ஜெல்லி மீன் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும். ஆனால் மூச்சுத்திணறலோ மயக்கமோ இல்லாவிட்டால், பெரும்பாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சரிசெய்துவிடலாம். சொத்தைப் பல் வலி ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது. ஆனாலும் முகமோ கழுத்தோ வீங்காமல், காய்ச்சல் இல்லாமல் இருந்தால் காலை வரை பொறுக்கலாம்.

மறுபக்கம் பாருங்க. பக்கவாதம் பெரும்பாலும் வலிக்காது. பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். வெறும் வியர்வை, மூச்சு வாங்கல், களைப்பு மட்டும் இருக்கும். கடற்பாம்பு கடித்தால் முள் குத்தின மாதிரிதான் தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது.

அப்போ எதைப் பார்க்கணும்? மூன்று கேள்விகள்

1. எவ்வளவு வேகமாக வந்தது? பத்து நாளாக இருக்கும் முதுகுவலி வேறு. பத்து நிமிஷத்தில் வந்த முதுகுவலி வேறு. நிமிடங்களில், சில மணி நேரத்தில் வந்து கூடிக்கொண்டே போவது ஆபத்து.

2. உடம்பு செய்யும் வேலை ஏதாவது நின்றுபோச்சா, குறைஞ்சுபோச்சா? மூச்சு, பேச்சு, பார்வை, நடை, நினைவு, சிறுநீர் போவது. இவற்றில் ஒன்று திடீரெனக் கெட்டாலும் காத்திருக்கக் கூடாது.

3. அதற்கு முன்னால் என்ன நடந்தது? கடலில் குளித்தாரா, வலையில் கையை விட்டாரா, என்ன மீன் சாப்பிட்டார், வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றார், கீழே விழுந்தாரா, ஏதாவது வாயுவைச் சுவாசித்தாரா? கடலோரத்தில் இந்த மூன்றாவது கேள்விதான் பல சமயம் உயிரைக் காப்பாற்றும்.

சங்கு குளிப்பவர்களுக்கு: 24 மணி நேரக் கணக்கு

இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்து முத்துக்குளியாளர்கள் கரையில் இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி, ஒரு நிமிடம் முன்னே பின்னே மேலே வந்துவிடுவார்கள். இன்று சங்கு எடுப்பவர்களில் கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியாகச் சுவாசித்து இறங்குபவர்களும் இருக்கிறார்கள். தொழில் ஒன்றுதான். உடம்புக்குள் நடப்பது வேறு.

10 பாகம் ஆழம் என்றால் சுமார் 18 மீட்டர். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நீண்ட நேரம் காற்றைச் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக, இடையில் நின்று நின்று மேலே வந்தால் அது மூச்சு வழியாக வெளியேறிவிடும். சட்டென்று மேலே வந்தால்? கோலி சோடாவைத் திறந்த கதைதான். உடம்புக்குள்ளேயே குமிழிகள் கிளம்பும். மூட்டில் சிக்கினால் வலி. தண்டுவடத்தைப் பாதித்தால் கால் முடங்கிவிடும்.

இந்தப் பாதிப்பு தண்ணீரிலிருந்து ஏறிய உடனேயே வரணும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரியும். 24 மணி நேரம் வரைகூட ஆகலாம். அதனால்தான் ஆள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு தெரிகிறது. "இன்னைக்கு வேலை ஜாஸ்தி, அதான் உடம்பு வலி" என்று தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். அந்த ராத்திரிதான் கைவிட்டுப் போகிறது.

கம்ப்ரசரில் குளித்த 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் எமர்ஜென்சிதான்:

- தோள், முழங்கை, முழங்கால் மூட்டில் ஆழமான வலி
- கை, கால் மரத்தல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பலவீனம்
- தலைசுற்றல், நடை தள்ளாடுதல், பார்வை மங்கல்
- சிறுநீர் போக முடியாமை
- நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல், இருமல்
- தோலில் பளிங்குக் கல் போல் சிவப்பு, நீலத் திட்டுகள்

என்ன செய்யணும்? ஆளைச் சமதளமாகப் படுக்க வையுங்கள். ஆக்ஸிஜன் கிடைத்தால் உடனே கொடுக்க வேண்டும். இதற்கு முதல் மருந்து அதுதான். நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால் தண்ணீர் கொடுக்கலாம். மது கூடவே கூடாது.

என்ன செய்யக் கூடாது? "திரும்ப ஒரு தடவை இறங்கினா சரியாயிடும்" என்று மறுபடி கடலில் இறக்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் மயங்கினால் காப்பாற்றுவது கஷ்டம். வலி தானாகக் குறைந்துவிட்டாலும் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். குமிழி செய்த சேதம் உள்ளே இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் வாய் திறந்து சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "கம்ப்ரசரில் குளித்தவர்." எத்தனை பாகம், எத்தனை முறை இறங்கினார், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்பதையும் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் டாக்டர் முதுகு டிஸ்க் பிரச்சினை, பக்கவாதம் என்ற கோணத்தில் தேடத் தொடங்கலாம். இதற்கான முழு சிகிச்சை, நோயாளியை அழுத்த அறைக்குள் வைத்து ஆக்ஸிஜன் கொடுப்பது. வழக்கமான முதல் சிகிச்சையே சுமார் 5 மணி நேரம் நீளும். அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. எனவே எங்கே அனுப்புவது என்ற முடிவு சீக்கிரம் எடுக்கப்பட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: குளிப்பவருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் கம்ப்ரசர் எஞ்சினின் புகை காற்றுக் குழாயில் கலந்திருக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதே காற்றைச் சுவாசித்த எல்லோரையும் உடனே மேலே ஏற்றுங்கள்.

வலை, மீன், உப்பளம், ஆலை

கடற்பாம்பு: வலையைப் பிரிக்கும்போதுதான் பெரும்பாலும் கடிக்கும். சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தசை வலி, கண் இமை இறங்குதல், விழுங்கச் சிரமம், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போதல் வரலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடித்த கை, காலை அசைக்காமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய பாதிப்பாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது.

பேத்தை மீன்: சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்தால் தாமதிக்க வேண்டாம். அடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். ஆள் பேச முடியாமல் கிடந்தாலும் நினைவு இருக்கலாம்.

உப்பளம்: வெயிலில் வேலை செய்தவர் சோர்ந்தால் நிழலும் தண்ணீரும் போதும். ஆனால் உடம்பு கொதித்து, பேச்சு குழறி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பவாதம். உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கொண்டுபோங்கள். குளிரவைப்பதை ஆஸ்பத்திரி வரை தள்ளிப்போடாதீர்கள்.

அமோனியா: 2024 ஜூலையில் புதூர் பாண்டியாபுரம் பகுதியில் உள்ள மீன் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து, பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கண் எரிந்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவ வேண்டும். குரல் கம்மினாலோ மூச்சு இழுத்தாலோ, "இப்ப பரவால்ல" என்று வீட்டுக்குப் போகக் கூடாது. மூச்சுக்குழாய் வீக்கம் தாமதமாகவும் வரலாம்.

எந்த வீட்டுக்கும் பொருந்தும் சிவப்புப் பட்டியல்

- நெஞ்சில் அழுத்தம், தாடை, தோள், இடது கைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. "கேஸ் டிரபிள்தான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள்.
- முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறல். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக முதல் நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு
- 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, கடும் தலைவலியுடன் பார்வை மங்கல், குழந்தையின் அசைவு குறைதல்
- டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, அசதி. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

எது காலை வரை பொறுக்கும்? நன்றாகத் தண்ணீர் குடித்து, தெளிவாகப் பேசி, வழக்கம்போல் சிறுநீர் போகிற பெரியவரின் ஒரு நாள் காய்ச்சல், சளி, லேசான வயிற்றுப்போக்கு, பழைய மூட்டுவலி. சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

எங்கே, எப்படிப் போவது?

2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. போனில் நான்கு விஷயம் சொன்னால் போதும்: இடம், வயது, என்ன ஆச்சு, எப்போதிலிருந்து. நடுக்கடலில் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2023 ஜூன் 27-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு அங்கேயே 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. பரிசோதித்த பிறகுதான் தருவார்கள். வாங்கி வைத்து நாமே போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல இது.

அவசரப் பிரிவில் வந்த வரிசையில் பார்க்க மாட்டார்கள். நிலைமையைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். உங்களைக் காத்திருக்கச் சொன்னால், உடனடி உயிராபத்து இல்லை என்று பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் இன்னும் ஒரு கணக்கு உண்டு. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. சாலைகள் துண்டிக்கப்பட்டன, ஹெலிகாப்டர் வந்துதான் பலரை மீட்டது. பிரசவத் தேதி நெருங்கியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் ரெட் அலர்ட் வந்ததுமே மருத்துவமனை இருக்கும் ஊருக்குப் போய்விடுவது நல்லது.

எண் மனசில் நிற்கணும்

மாரடைப்பு என்றால் 14 மாத்திரை. சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48', அதாவது முதல் 48 மணி நேரக் கட்டணமில்லாச் சிகிச்சை. இந்த எண்களை அரசு விளம்பரம் செய்தது, ஜனங்களுக்கும் மனசில் பதிந்தது. சங்கு குளிப்பவரின் மரத்துப்போன காலுக்கும் அப்படி ஒரு எண் தேவை: 24 மணி நேரம். இதைக் குடும்பம் மட்டும் தெரிந்துவைத்தால் போதாது. படகில் ஆக்ஸிஜன் சிலிண்டர், கடலோர சுகாதார நிலையங்களில் "கம்ப்ரசர் குளிப்பா?" என்ற கேள்வி, அழுத்த அறை எங்கே காலியாக இருக்கிறது என்ற தகவல் மூன்றும் சேர்ந்தால்தான் வேலைக்காகும்.

அதுவரை வீட்டில் செய்ய முடிந்தது ஒன்றுதான். போய்ப் பார்த்து, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க" என்று டாக்டர் திருப்பி அனுப்பினால், போனது ஒரு ராத்திரித் தூக்கம், அது நஷ்டமில்லை. போகாமல் இருந்து காலையில் கால் அசையவில்லை என்றால், அந்தக் கணக்கை அப்புறம் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.