இரு கரைக்கும் ஒரே ஊர்

திருக்கோவிலூருக்கு ரயிலில் வருகிறவர் முதலில் கால்வைப்பது திருக்கோவிலூரில் அல்ல. பெயர்ப் பலகையில் என்னவோ திருக்கோவிலூர் என்றுதான் இருக்கிறது. நிலையம் இருப்பது பெண்ணையாற்றின் வடகரையில், அரகண்டநல்லூரில். அது விழுப்புரம் மாவட்டம். ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தால்தான் திருக்கோவிலூர். அது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது முதல், மாவட்ட எல்லை இந்த ஊரின் வாசலில், ஆற்று மணலில் கிடக்கிறது.

புது மாவட்டம் தேவையானது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து ஒருவர் மனுவோடு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். அந்த அலைச்சல் குறைந்தது பெரிய காரியம். ஆனால் மாவட்ட எல்லையைப் போலவே இந்த ஊரின் வரலாற்றையும் கரைக்குப் பாதியாகப் பிரித்துச் சொல்கிற பழக்கம் வலுத்துவருகிறது. தென்கரைக்காரர்கள் தங்கள் பெருமாளைச் சொல்கிறார்கள், வடகரைக்காரர்கள் தங்கள் குடைவரையைச் சொல்கிறார்கள். இந்த ஊரின் கதைகளோ ஏறக்குறைய எல்லாமே ஆற்றைக் கடக்கிற கதைகள்.

முதலில் ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக இறங்கி, ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே உள்ள தாழ்வில் புகுந்து வருகிறது. 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை அந்த மலைச் சூழலில்தான் இருக்கிறது. மலைகளை விட்டு வெளியே வந்து, ஆறு அகன்று, மணல் விரித்துச் சமவெளி ஆறாக மாறும் பகுதியில் திருக்கோவிலூர் அமைந்திருக்கிறது. மலைச் சரக்கும் வயல் சரக்கும் கைமாறத் தோதான இடம். நீரைத் திருப்பவும் அதுவே தோதான இடம். அதனால்தான் இங்கே அணைக்கட்டு கட்டி ஏரிகளுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். மலட்டாறு பெண்ணையிலிருந்து பிரிவதும் இந்தப் பக்கத்தில்தான். இங்கிருந்து பெண்ணை கடலூர் அருகே போய்க் கடலில் கலக்கிறது. மொத்த ஓட்டம் 400 கிலோமீட்டருக்கு மேல்.

கல்வராயன் மலையின் நீர் எல்லாம் பெண்ணைக்கு வருவதில்லை. வடசரிவில் இறங்குவது பெண்ணையைச் சேர, கோமுகியும் மணிமுக்தாவும் வேறு திசை பிடித்து வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போகின்றன. மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சி கோமுகிக்கரை ஊர். ஆக, புது மாவட்டம் இரண்டு ஆற்றுப் படுகைகளை ஒரு நிர்வாகத்தில் சேர்த்தது. ஒரே ஆற்றின் இரு கரைகளைப் பிரித்தது.

சங்க காலத்தில் இந்த ஊர் கோவல். அதை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். தேர்களைப் பரிசாகத் தந்தே பெயர் வாங்கியவன். மூவேந்தரும் படைத்துணை வேண்டி அவன் வாசலுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் யார் பக்கம் நின்றானோ அந்தப் பக்கம் வெல்லும் என்ற நிலை இருந்தது. கொல்லி மலையின் ஓரியைக் கொன்று, அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவனும் அவனே. அவனை நேருக்கு நேர் நின்று பாடியவர் கபிலர். கொடுப்பது எளிது, வந்தவரின் தகுதி அறிந்து கொடுப்பதுதான் அரிது, புலவரை எல்லோரோடும் சேர்த்து ஒன்றாக நோக்காதே என்று ஒரு பாட்டில் அவனுக்கே பாடம் சொல்கிறார். வள்ளலிடம் பரிசில் பெறப் போன இடத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கபிலருக்கும் பெண்ணையாற்றுக்கும் உள்ள உறவு இதோடு முடியவில்லை. பறம்பு மலைப் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டுக் கொன்ற பிறகு, அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார். இருவரும் மறுத்தார்கள். பிறகு என்ன ஆயிற்று என்பதில் இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. புறநானூற்றுப் பாட்டின் கீழ் உள்ள குறிப்பு, பெண்களைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. அதாவது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விட்டார். திருக்கோவிலூர்க் கீழையூரின் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே ஒரு கல்லில் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது.

அந்தக் கல் இன்றும் ஆற்றுக்குள் நிற்கிறது. உச்சியில் சின்னதாக ஒரு கோயில் வைத்த பாறை. கபிலர் குன்று என்றால் இரு கரையிலும் எல்லோருக்கும் தெரியும். எந்தச் சாட்சி சரி? கபிலருக்கும் ராசராசனுக்கும் இடையே பல நூற்றாண்டுகள். கல்வெட்டை எழுதியவர் நேரில் கண்டதை எழுதவில்லை, ஊர் காத்து வந்த நினைவை எழுதினார். ஆனால் அதுவே பெரிய செய்தி. ஒரு புலவன் இறந்த இடத்தை இத்தனை காலம் ஒரு ஊர் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றியிருக்கிறது, அரசு ஆவணம் போலக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி வேறு எத்தனை ஆற்றுப் பாறைகளைக் காட்ட முடியும்?

அதே கல்வெட்டு இன்னொரு தீயையும் பேசுகிறது. ராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது, பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறினார். சோழப் பேரரசனின் தாய்வீடு இந்தப் பெண்ணையாற்றங்கரை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க வருகிற லட்சக்கணக்கானவர்களில் அது எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காரியும் தோற்றிருக்கிறான். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வந்து கோவலூரை அழித்தான்; அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் ஒரு புறப்பாட்டில் சொல்கிறார். வெகுகாலம் இது பாட்டில் மட்டுமே இருந்த செய்தி. 1981-ல், இரா. நாகசாமி இயக்குநராக இருந்த தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டது. குகையில் பள்ளி அமைத்துக் கொடுத்தவன் பெயர் அதில் இருந்தது: அதியன் நெடுமான் அஞ்சி. பெயருக்கு முன்னால் ‘சதியபுதோ’ என்ற பட்டம். அசோகர் தம் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொன்ன ‘சதியபுத்திரர்’ யார் என்று அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆளுக்கொரு ஊகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடை ஜம்பைப் பாறையில் இருந்தது. சங்கப் பாட்டு சொன்ன அரசன், பாட்டு சொன்ன வட்டாரத்திலேயே, கல்லில் கிடைத்தான். ஐராவதம் மகாதேவன் இந்த எழுத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டுக்கு உரியது என்று கணித்தார்.

பக்தி காலத்தில் ஊரின் மையம் உலகளந்த பெருமாள் கோயில். மூலவர் திருவிக்கிரமர், வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் கொண்டு நெடிதுயர்ந்து நிற்கிறார். மழை இரவில் ஓர் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கப் பூதத்தாழ்வார் வந்து சேர்ந்து, பிறகு பேயாழ்வாரும் வந்து, மூவரும் நெருக்கி நின்றபோது நாலாவதாக ஒருவர் நெருக்கியதை உணர்ந்தார்கள் என்ற கதை இவ்வூரில் நடந்தது. மூவரும் பாடிய மூன்று அந்தாதிகளும் அங்கே பிறந்ததாக வைணவ மரபு சொல்கிறது. நடுநாட்டில் 108 திருப்பதிகளில் சேர்ந்தவை இரண்டுதான். ஒன்று கடலூர்த் திருவகீந்திரபுரம், மற்றது இது. சைவத்துக்கும் இங்கே கடன் உண்டு. வீரட்டானேசுவரர் கோயில் அட்ட வீரட்டங்களில் ஒன்று. அடியார் வேடத்தில் வந்து கத்தியால் குத்திய முத்தநாதனைக் கொல்லாமல் ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்ன மெய்ப்பொருள் நாயனார் ஆண்டதும் இந்தக் கோவலூரில்தான்.

இனி வடகரை. அரகண்டநல்லூர், தேவாரத்தில் அறையணிநல்லூர். ஆற்றை ஒட்டிய பாறை மேல் ஒப்பிலாமணீசுவரர் கோயில், பாறையைக் குடைந்த குடைவரை. சம்பந்தர் இங்கிருந்தே தொலைவில் அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது.

1896 ஆகஸ்டு கடைசியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இந்தப் பாறைக் கோயிலுக்கு நடந்து வந்தான். மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பி, விழுப்புரத்தில் கையிலிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் ரயில் சீட்டு கிடைத்ததால் மிச்ச வழியைக் காலால் கடந்தவன். அறையணிநல்லூர்க் கோயில் மண்டபத்தில் அமர்ந்தபோது ஒரு பேரொளியைக் கண்டான். பூசை முடிந்து கதவடைத்ததும், அர்ச்சகர்களுக்குப் பின்னாலேயே தென்கரைக் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனான். அங்கே மேளக்காரர் தம் பங்குப் பிரசாதத்தைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. கீழையூர் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு. காதிலிருந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கிக்கொண்டான். நகையை மீட்க எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டை வெளியே வந்ததும் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினான். அந்தப் பையன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. வடகரையில் ஒளி, தென்கரையில் சோறு, மறுபடி வடகரையில் ரயில். அன்றைக்கு அந்தப் பையனுக்கு இரு கரையும் ஒரே ஊர்.

செக் நாட்டின் தென் பொகீமியாவில் செஸ்கி கிரும்லோவ் என்று ஓர் ஆற்றங்கரை ஊர் உண்டு. வல்டாவா ஆறு வளைந்து வளைந்து ஓட, வளைவுக்குள் பழைய ஊர், எதிர்க்கரைப் பாறையில் கோட்டை. சுமார் 13 ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். 1992-ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தபோது கோட்டையை மட்டும் தனியே பிரித்து எடுக்கவில்லை. ஆற்றின் இரு பக்கத்தையும் சேர்த்து வரலாற்று நகரமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2002 ஆகஸ்டு வெள்ளத்தில் அந்த ஊர் மூழ்கியது, மீண்டது. அதன் கோட்டையைப் பற்றிய எழுத்துச் சான்று 13ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. திருக்கோவிலூரைப் பற்றிய சான்று அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. இங்கே இல்லாதது வரலாறு அல்ல, அதை ஒன்றாகக் காட்டுகிற ஏற்பாடு.

ஆறும் நல்ல நிலையில் இல்லை. ஆண்டில் பெரும்பகுதி வறண்ட மணல். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரின் கழிவு நுரையாகப் பொங்குவதைப் பல முறை செய்திகளில் பார்த்திருக்கிறோம். நீர் வரும்போதோ தாங்க முடியாத அளவுக்கு வருகிறது. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 2 அதிகாலையில், சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. பெண்ணைக்கரை ஊர்கள் விழிக்கும் முன்பே வெள்ளம் வந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் திருக்கோவிலூரையும் அரகண்டநல்லூரையும் இணைக்கும் தரைப்பாலம் நீருக்குள் போய்விடும். அப்போது இரு கரைக்கும் ஒரே எச்சரிக்கை, ஒரே நேரத்தில் போக வேண்டும். வெள்ளத்துக்கு மாவட்டம் தெரியாது. எச்சரிக்கையை அனுப்ப வேண்டியவர்களோ இரண்டு ஆட்சியர் அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

மக்கள் மட்டும் எல்லையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. பெண்ணையின் நெடுக, சுற்றுப்பட்டுக் கோயில்களின் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வருகின்றன. திருவண்ணாமலை அண்ணாமலையாரே மாவட்ட எல்லை தாண்டித் திருக்கோவிலூருக்கு மேற்கே மணலூர்பேட்டைக்கு வந்து பெண்ணையில் தீர்த்தவாரி காண்கிறார். மணலெல்லாம் கடைகள், ராட்டினம், கரும்பு, குவித்து வைத்த கிழங்கு. மூன்று மாவட்டத்து ஆட்கள் ஒரே மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிறார்கள்.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. கபிலர் குன்றின் எதிரே இரு கரையிலும், வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு வரிகளைப் பொருளோடு எழுதிப் பலகை வைக்கலாம். ரயில் நிலையத்தில் இறங்குகிறவருக்குக் குடைவரை, குன்று, கீழையூர், உலகளந்த பெருமாள், ஜம்பை என்று ஒரே வரைபடம் கொடுக்கலாம். அரகண்டநல்லூர் பேரூராட்சியும், 2021-ல் நகராட்சியாக உயர்ந்த திருக்கோவிலூரும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டால் போதும். வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவை, ஆற்றில் நீர் இல்லாத மாசி, பங்குனியில், மணல் வழியே குன்று வரை நடத்திக் கூட்டிப்போய் கபிலரின் கதையை அங்கேயே சொல்லலாம். விழுப்புரம் மாவட்டப் பிள்ளைகள் வடக்கிலிருந்தும் கள்ளக்குறிச்சி மாவட்டப் பிள்ளைகள் தெற்கிலிருந்தும் நடந்து வரட்டும்.