பால் போதவில்லையா? டயப்பரை எண்ணிப் பாருங்கள்

போன மாதம் ஒரு நாள் அதிகாலை 2 மணிக்குக் கைப்பேசி அடித்தது. கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகள். குழந்தை பிறந்து இரண்டாம் நாள். அன்று மதியம்தான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அக்கா, பாலே இல்லக்கா. எட்டு மணியிலேர்ந்து மார விட்டு எடுத்தாலே கத்துறான்" என்று அழுகிறாள். அவள் கணவர் 24 மணி நேரக் கடையில் பால்மாவு வாங்கி வரக் கார் சாவியோடு வாசலில் நிற்கிறாராம். "பச்சப் புள்ளைய இப்படிப் பட்டினி போடுறீங்களே" என்று அவள் மாமியாரின் குரலும் கேட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. பேரன் அழுதால் எந்தப் பாட்டிக்குத்தான் தாங்கும்?

"இன்னைக்கு எத்தனை டயப்பர் நனைஞ்சுது?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அவள் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. யோசித்து, "ரெண்டு... இல்ல, மூணு" என்றாள். மலம் கறுப்பாக, தார் மாதிரி போயிருக்கிறது.

அப்படியானால் பால் உள்ளே போகிறது. முதல் நாள் குறைந்தது ஒரு ஈர டயப்பர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறாவது நனைய வேண்டும். கறுப்பு மலம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகியிருக்க வேண்டும். மார்பு கனமாக இருக்கிறதா, பம்ப் வைத்தால் எவ்வளவு வருகிறது என்பதையெல்லாம் வைத்து முதல் நாள்களில் ஒன்றும் கணிக்க முடியாது. டயப்பரும் எடையும்தான் சாட்சி.

முதலில் சுரப்பது சீம்பால். மிகக் குறைவாகத்தான் வரும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலே குழந்தைக்குப் போதும். அதன் இரைப்பையும் அவ்வளவு சிறியது. அந்தக் கெட்டியான மஞ்சள் பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்ன பாட்டிகள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். மாட்டுச் சீம்பாலை மட்டும் வெல்லம் போட்டுக் கிண்டிச் சாப்பிட்டோம்! பால் பெருகுவது மூன்றாம் நாள் வாக்கில். அறுவைப் பிரசவமானால், தாய்க்கு நீரிழிவு இருந்தால், இன்னும் ஓரிரு நாள் தள்ளிப் போகலாம். இரண்டாம் இரவில் குழந்தை விடாமல் மார்பைத் தேடுவது, பெருகப்போகும் பாலுக்கு முன்கூட்டியே கேட்டு வைப்பது போலத்தான். உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கேட்பது சாதாரணம்.

"ஆனா வலி உயிர் போகுதுக்கா" என்றாள். இதுதான் உண்மையான பிரச்சினை. வீடியோ அழைப்புக்கு மாறச் சொன்னேன். பார்த்தால், குழந்தை கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறான். தலை மட்டும் மார்புப் பக்கம் திரும்பியிருக்கிறது. நீங்கள் கழுத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், தெரியும். குழந்தையின் வயிறு அம்மாவின் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். மேல் உதட்டில் காம்பை லேசாகத் தடவினால் கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்கு அணைக்க வேண்டும். நாம் குனிந்து மார்பை வாயில் திணிப்பதால்தான் முதுகும் போகிறது, காம்பும் புண்ணாகிறது. காம்பு மட்டும் வாயில் இருந்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தில், முக்கியமாகக் கீழ்ப்பக்கம், நிறையவே உள்ளே போக வேண்டும். தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும். முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலித்தால், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்து மறுபடி வையுங்கள். பிடித்து இழுக்காதீர்கள்.

மூன்றாவது முயற்சியில் அவள் தோள் இறங்கியது. 'க்... க்...' என்று விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் கணவர் சாவியை மாட்டிவிட்டு வந்து டயப்பர் கணக்கைக் குளிர்ப்பெட்டிக் கதவில் எழுத ஆரம்பித்தார். அப்பாக்களுக்கு இது நல்ல வேலை.

பத்தியத்தைப் பற்றியும் கேட்டாள். பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். சுறா புட்டுக்காகவே இன்னொரு பிள்ளை பெறலாம் என்பது என் கட்சி. ஆனால் தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் வேண்டாம், தாகத்துக்குக் குடிக்க வேண்டும். குழந்தைக்குச் சீனித் தண்ணீரும் வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம். நாக்கில் தேன் தொட்டு வைப்பது ஒரு வயது வரை ஆபத்து. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால் கொஞ்சம் கையால் பீய்ச்சி இளக்கிவிட்டுப் பாலூட்டுங்கள், பிறகு குளிர்ந்த துணி வையுங்கள். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்கிற எனக்கே 9 ஆண்டுகளுக்கு முன் பால்மாவு தேவைப்பட்டது. கர்ப்பகால நீரிழிவு, அறுவைப் பிரசவம். மூன்றாம் நாள் மகளின் எடை 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிட்டது, மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொண்டது. எழுப்பினால்கூட எழுந்து குடிக்காமல் தூங்கினாள். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்! அழுகிற குழந்தையைவிட அப்படித் தூங்கும் குழந்தைக்குத்தான் பயப்பட வேண்டும். டயப்பர் குறைந்தாலோ, மஞ்சள் கூடினாலோ வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

அவளை நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு முறை மார்பில் வைத்த பிறகும் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் பால்மாவு கொடுக்கச் சொன்னார் மருத்துவர். தோற்றுவிட்டதாக நினைத்து அழுதேன். வயதான தாதி ஒருவர், "அதுக்குப் பசி, உனக்கு ரோஷமா?" என்று அதட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கையால் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். மார்பிலிருந்து பால் எடுத்துக்கொண்டே இருந்ததால் ஆறாம் நாள் பால் பெருகியது. இரண்டாம் வாரத்தில் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

சித்தி மகளின் வீட்டுக்கு மறுநாள் வட்டாரக் கிளினிக் தாதி வந்து எடை பார்த்தார். பிறக்கும்போது 3.2 கிலோ, இப்போது 3 கிலோ. இந்த அளவு இறங்குவது இயல்புதான், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

ஐந்தாம் நாள் காலை அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிய தாள். ஈரம் ஏழு, மஞ்சள் நான்கு. கடைசிக் கோடுகள் நடுங்கிய கையெழுத்தில் இருந்தன. அத்தை போட்டது என்றாள்.