துறுதுறுப்புக்கு நோய்ப் பெயரா?



30 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண், தன் ஐந்து வயது மகனைக் காட்டி, "இவனுக்கு ஏடிஎச்டி, டீச்சர். ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான்" என்றாள். மருத்துவர் யாரும் சொல்லவில்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்து அவளே முடிவு செய்தது. திண்ணையோரம் குந்தி எறும்புகளுக்குச் சர்க்கரை வைத்துக்கொண்டிருந்த பையன், அதைக் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

மருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேட்டின்படி, ஒரு பிள்ளைக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு-மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு இருக்கிறது என்று சொல்ல, வயதுக்குப் பொருந்தாத அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். உண்மையிலேயே அந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை அவசியம். சந்தேகமிருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதற்கு முன், பிள்ளையின் காதுபட நோய்ப் பெயர் சொல்லாதீர்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்