அசையாத உடலில் ஒரு வலிப்பு

வலிப்பு என்றதும் நம் கண்முன் நிற்பது எது? கை கால்கள் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளக் கீழே கிடக்கும் மனிதர். இரும்பைத் தேடி ஓடும் அண்டை வீட்டார். (இரும்பால் எந்த வலிப்பும் நிற்பதில்லை.) ஆனால் வாசகர்களே, உடலில் ஓர் அசைவும் இன்றி, மூளைக்குள் மட்டும் மணிக்கணக்கில் வலிப்பு நீடிப்பதும் உண்டு.

புற்றுநோய் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை பேசியவர் இன்று விழிக்கவில்லை. அல்லது விழித்தும் வெறித்துப் பார்க்கிறார். "புற்று மூளைக்கு ஏறிவிட்டது" என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். சக்ராத் எனக் கருதி யாஸீன் ஓதத் தொடங்குவோரும் உண்டு. ஓதுங்கள், அதனை யார் தடுப்பார்? ஆயினும் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது மறைந்த வலிப்பாக இருக்குமோ?

மூளைக்குப் பரவிய கட்டி இதற்குக் காரணமாகலாம். இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் நேரலாம். சில வேளை மருந்தே காரணம். இஃபோஸ்ஃபமைடு என்னும் புற்றுநோய் மருந்து அத்தகையது. கிருமித்தொற்றுக்குத் தரப்படும் செஃபிபைம் மற்றொன்று. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் அசைவற்ற வலிப்பு நேரலாமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. மருந்தை நிறுத்தியும் டயாலிசிஸ் செய்தும் பெரும்பாலோரிடம் அது அடங்கிற்று.

எப்படிக் கண்டறிவது? இமை மெல்லத் துடிக்கும், விழி ஒரே பக்கம் ஒதுங்கும், உதட்டோரம் அதிரும். பலரிடம் இதுவும் இராது. சி.டி. ஸ்கேன் கட்டியைக் காட்டுமேயன்றி, ஓடும் மின்னலைகளைக் காட்டாது. அதற்கு இ.இ.ஜி. வேண்டும். ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவு செய்த அதே முறைதான்.

அரைமணிப் பதிவில் வலிப்பு தப்பிவிடக்கூடும். நியூயார்க்கில் தொடர் இ.இ.ஜி. செய்யப்பட்ட 570 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2004இல் வெளியானது. புற்றுநோயாளிகள் மட்டுமல்லர், பலவகை நோயாளிகள். 110 பேரிடம் வலிப்பு பதிவாயிற்று; அவர்களுள் நூற்றுக்கு 92 பேரிடம் கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பே இல்லை! ஆழ்மயக்கத்தில் இருந்து வலிப்புக் கண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, முதல் வலிப்பு தெரிய 24 மணி நேரத்துக்கு மேலாயிற்று.

வலிப்பைத் தணிக்க லோராசெபாம், லெவெடிராசெட்டம் போன்ற மருந்துகள் உண்டு. எல்லோரும் தெளிவர் என்பதற்கில்லை. அடிப்படை நோயைப் பொறுத்தது அது. ஆனால் பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிலர் மீள்கிறார்கள். அதற்காகவேனும் கேளுங்கள். இரவு முழுதும் பதிவு செய்யும் வசதி இல்லாத இடமாயின், குறும்பதிவையே மறுநாளும் எடுக்கச் சொல்லலாம். மயக்கம் எப்போது தொடங்கியது, அதற்குமுன் எந்தப் புதுமருந்து ஏறியது என்பதையும் குறித்துக் கொடுங்கள்.