தாய்மார் பக்கம்: கைலிக்குள் மறையும் கால்



சிலிபின் பக்கமிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் கண்டு, அறுவை செய்துகொண்டு, கதிர் சிகிச்சையும் பெற்றுப் பிழைத்து வந்தவர். வீடு திரும்பி ஒன்றரை ஆண்டு ஆனபின் இடது கால் கனக்கத் தொடங்கியதாம். முதலில் சிலிப்பர் வார் பதிந்த தடம் மறையாமல் கிடந்தது. அடுத்துக் கணுக்கால் எலும்பு தெரியவில்லை. இப்போது தொடை வரை வீக்கம். "பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, இது யானைக்கால்தானே, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டார். அன்றிலிருந்து கைலியை இறக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன்" என்று எழுதுகிறார்.

அந்த அக்காவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். இது ஒட்டாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரே பாயில் படுக்கலாம், ஒரே வாளியில் துணி துவைக்கலாம். நம் பாட்டன் பாட்டிமார் பலர் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த வட்டாரத்தில் யானைக்கால் நோய் மிகுதியாக இருந்ததால், வீங்கிய காலைக் கண்டாலே அந்தப் பெயரைச் சொல்லும் வழக்கம் நமக்குத் தொற்றிக்கொண்டது. யானைக்கால் நோய் கொசுவின் வழியாக உடம்புக்குள் புகும் நுண்ணிய புழுவால் வருவது. அதுகூடத் தொடுவதால் பரவாது. இலங்கையில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016ல் அறிவித்தது. நம் சகோதரியின் காலில் புழுவும் இல்லை, கொசுவும் காரணமில்லை.

அப்படியானால் எது காரணம்? காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் அரையில் நெறி கட்டும் அல்லவா? கட்டுவது நிணநீர்க் கணு. உடம்பெங்கும் இப்படிப் பல நூறு கணுக்கள் உண்டு. இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பங்கை மெல்லிய குழாய்கள் சேகரித்து, இந்தக் கணுக்களின் வழியாக வடிகட்டி, மீண்டும் இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. லயத்துக்குப் பின்னால் ஓடிய கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை, சினைப்பை போன்ற இடங்களில் புற்றுநோய் வந்தால், அது பரவாதிருக்க இடுப்புக்குள்ளிருக்கும் கணுக்களையும் எடுக்க நேர்கிறது. கதிர் சிகிச்சையால் மீதியுள்ள குழாய்களும் தழும்பேறிச் சுருங்கலாம். கால்வாயின் வாயில் மண் மூடினால் தண்ணீர் மேட்டிலேயே தேங்குவது போல, நீர் காலிலேயே தங்கிவிடுகிறது. சிலருக்குச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் வரும். சிலருக்குப் பல ஆண்டு கழித்தும் வரும். ஆண்களுக்கும் வருவதுண்டு.

ஆனாலும் வீங்கியதெல்லாம் இதுதான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் வேலை, சிகிச்சை தந்த டாக்டரிடம் காலைக் காட்டுவது. நோய் திரும்பியிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். இரண்டொரு நாளில் திடீரென்று ஒரு கால் வீங்கிக் கெண்டைச் சதை வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். புற்றுநோய் கண்டவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அத்துடன் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் இருதயம், சிறுநீரகம் இவற்றையும் சோதிப்பார்கள்.

நிணநீர் வீக்கம்தான் என்று உறுதியானபின், இது முற்றாகப் போய்விடுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்கு முற்றாகப் போகாது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் குறைக்கலாம், குறைந்ததை அப்படியே வைத்திருக்கலாம். விரலால் அழுத்தினால் குழி விழும் நிலையிலேயே பிடித்துவிட்டால் வேலை எளிது. கைலிக்குள் மறைத்து வைத்தால் ஆண்டுகள் போகப் போகத் தோல் தடித்து இறுகிவிடும். பிறகு அழுத்தினால் குழியும் விழாது.

இந்தக் காலுக்குப் பெரிய எதிரி புண். தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் சடசடவென்று பரவும். பிரேசில் நாட்டு ரெசீபே நகரில் யானைக்கால் நோயாளிகளை வைத்து ஆராய்ந்த ஜெருசா டிரேயர் என்ற பெண் மருத்துவர், அவர்களுக்கு அடிக்கடி வந்த குளிர்காய்ச்சலுக்குக் கால் விரலிடுக்கு வெடிப்புகளில் நுழைந்த கிருமிகளே பெரும்பாலும் காரணம் என்று எடுத்துக்காட்டினார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பதாலேயே அந்தக் காய்ச்சல் குறைந்தது. நோய் வேறானாலும் காலின் நிலை ஒன்றுதான். ஆகவே தினமும் மாலையில் சோப்பால் மெதுவாகக் கழுவுங்கள். ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரம் போகத் துடையுங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் யாராவது துடைத்துவிடட்டும். மகனும் செய்யலாம், அதில் குறைவொன்றுமில்லை. பிறகு வாசனையில்லாத கிரீம் ஏதேனும் தடவுங்கள். சேற்றுப்புண் இருந்தால் மருந்து வாங்கிப் போடுங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் பூட்ஸ் இல்லாமல் இறங்கவே கூடாது. செம்பனை முள், அட்டை, கொசு, பூனை நகம் எல்லாம் இந்தக் காலுக்குப் பகை.

கால் சிவந்து, சூடேறி, உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக் போய்விட வேண்டும். பெனடோல் விழுங்கி விடியட்டும் என்று படுப்பவர்கள் நம்மில் அதிகம். இதற்கு அது ஆகாது. கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டும். அடிக்கடி இப்படி வருபவர்களுக்குக் குறைந்த அளவு பெனிசிலினைத் தொடர்ந்து கொடுத்தால் மீண்டும் வருவது குறைகிறது என்று 2013ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று காட்டியது. அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

அடுத்தது கட்டும் காலுறையும். வீக்கம் அதிகமானால் முதலில் பல சுற்றுத் துணிக்கட்டுப் போட்டுக் குறைப்பார்கள். குறைந்தபின் அளவெடுத்து, இறுக்கமான காலுறை கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் கால் வீக்கமும் அடிக்கடி கிருமித் தாக்குதலும் இருந்த 84 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். இறுக்கக் கட்டும் காலுறையும் அணிந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மட்டுமே மீண்டும் வந்தது. அணியாதவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு வந்தது. 2020ல் வெளியான அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, அணியாதவர்களுக்கும் காலுறை கொடுத்துவிட்டார்கள்.

காலுறையைப் பசாரில் கண்ணளவில் வாங்காதீர்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் உடலியக்கச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்பும்படி உங்கள் டாக்டரிடம் வாய்திறந்து கேளுங்கள். கேட்காமல் திரும்பி வருவதுதான் நம் பழக்கம். இனிப்பு நீர் உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் சோதித்துக்கொள்ளாமல் இறுக்கமாக எதையும் போடக் கூடாது. காலையில் எழுந்ததும் போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். ஏற்றுவது சிரமம் என்பார்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் ஏறும். நம்மவர்கள் வெட்டிய பால் இதற்காவது உதவட்டும்!

காலுக்கென்று தனி இருதயம் கிடையாது. சதை அசையும்போது நிணநீர் மேலே ஏறுவது எளிதாகிறது. ஆகவே காலுறையைப் போட்டுக்கொண்டு நடங்கள். நாற்காலியில் இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். உடம்பு எடையையும் கவனியுங்கள். வீங்கியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டியதில்லை. இருதயக் கோளாறு போன்ற வேறு காரணம் இல்லாவிட்டால் நீர் பிரியும் மாத்திரையாலும் பயனில்லை. எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது, வெந்நீர் ஒத்தடம், தைலம், கீறி இரத்தம் எடுப்பது ஆகியவை கெடுதல். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் நிணநீர்த் தடவல் வேறு. அது தோலை மட்டும் அசைக்கும் மெல்லிய தடவல். எமில் வோட்டர் என்ற டேனிஷ்காரர் 1930களில் வகுத்த முறை.

தைப்பூசத்துக்குக் குனோங் சேரோ வரை பால்குடம் எடுக்க நேர்ந்திருக்கிறேன், நடக்கலாமா என்றும் அந்தச் சகோதரி கேட்கிறார். நடப்பது நல்லதுதான். வெறுங்காலோடு வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். கொப்புளம் ஒன்று போதும், கிருமி உள்ளே போக. குடத்தை மகள் எடுக்கட்டும். நீங்கள் சப்பாத்தும் காலுறையும் போட்டு, வெயிலுக்கு முன் கூடவே நடந்து, ஆலயத்து வாசலில் கழற்றுங்கள். முருகன் கணக்குப் பார்ப்பவன் அல்ல. சிலிபின் லூர்து மாதா ஆலயத் திருநாளில் நெடுநேரம் நிற்பவர்களுக்கும் இதுவே. இடையிடையே உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வாங்கி வையுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் காலுறை போடுமுன், கணுக்கால், கெண்டைச் சதையின் பருத்த இடம், முழங்காலுக்குச் சற்று மேல் ஆகிய மூன்று இடத்திலும் இரு காலையும் அளந்து, பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் சொல்லித் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.